கோட்டைக் கதவும் நாலாம் பக்கமும்

"மேற்படி காவல்தலைவர் இருபத்திரண்டு ஆண்டுகள் விடுப்பு எடுக்காமல் பணியாற்றியுள்ளார். அவர்மீது இதற்கு முன் புகார் ஏதும் இல்லை."

ரூல் அக்கா தன் கட்டுரையை இப்படித்தான் தொடங்கியிருந்தாள். கொடுத்த தலைப்பு 'நாடக நாயகனின் குணமும் பேராசையும்'. குணத்தைப் பற்றி எழுது என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் குணங்களைக் கோப்பில் ஏற்றி வருகிறவள் அவள். யார் வந்து எதைக் கேட்டாலும் "ரூல்ல இடமில்லையே" என்று தொடங்குவாள். அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் மாலைக் கல்லூரிக்குப் போய்ப் பட்டப்படிப்பு படிப்பதற்கு இலக்கிய ஆர்வம் காரணம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் நல்ல மனசு. கண்காணிப்பாளர் பதவிக்குப் பட்டம் வேண்டும், அல்லது கடைசித் தாள் எழுதிக்கொண்டாவது இருக்க வேண்டும். அந்தக் கடைசித் தாள்தான் இந்த நாடகம்.

பழைய துன்பியல் நாடகம், ஐந்து அங்கம். ஒரு கோட்டை. பொழுது சாய்ந்தபின் யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது என்று ராஜாவே சட்டம் போட்டிருக்கிறார். போருக்குப் போன அதே ராஜா தோற்று, எதிரி துரத்த, பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் வந்து கதவைத் தட்டுகிறார். சாவி காவல்தலைவனிடம் இருக்கிறது. மதில்மேல் ஏறி எட்டிப் பார்க்கிறான், ராஜாதான் என்று தெரிகிறது. கீழே இறங்கி வந்து பேசாமல் உட்கார்ந்துகொள்கிறான். விடிந்தால் ராஜா உயிரோடு இல்லை, இவன் அரியணையில். அப்புறம் மூன்று அங்கத்துக்கு யாரையும் நம்பிச் சாவியைக் கொடுக்க முடியாமல் தூக்கம் கெட்டு, கடைசியில் கோட்டைக்குள் தீப்பிடித்தபோதும் சாவியைக் கையைவிட்டு விடாமல் செத்துப்போகிறான்.

"சட்டப்படி நடந்திருக்கான். இதுல என்ன துன்பியல்?" என்றுதான் முதல் வாசிப்பில் ரூல் அக்காவுக்குத் தோன்றியது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் வினை வந்தது. கண்காணிப்பாளர் பதவிக்கு வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தகுதி உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ரூல் அக்கா. இன்னொருவர் கீழ்த்தளக் கவுண்டரில் உட்காரும் இன்டு சார்.

இன்டு சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இணைப்புக் கேட்டு வருகிற ஜனங்களுக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாது. எனவே அவர் படிவத்தை வாங்கியவுடன் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, கையெழுத்து வரவேண்டிய இடத்திலெல்லாம் பெருக்கல் குறிபோல ஒரு இன்டு மார்க் போட்டுத் திருப்பித் தருவார். "இன்டு போட்டிருக்கேன் பாருங்க, அங்க ஒரு கையெழுத்து." ஒரு நாளைக்கு இருநூறு இன்டு. வீட்டில் மனைவி கொடுக்கும் கடைச் சீட்டில்கூடப் போட்டுவிடுவார் என்று சொல்வார்கள்.

நல்ல மனிதர். அதுதான் ரூல் அக்காவுக்குத் தொல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி! பத்தொன்பது வருடம் இரண்டு பேரும் ஒரே மேசையில் டிஃபன் பாக்ஸ் திறந்திருக்கிறார்கள். அவளுக்கு மூட்டுவலி என்று தெரிந்தபிறகு கேன்டீனில் முதுகு சாய்க்கிற நாற்காலியை அவளுக்காகத் துண்டு போட்டுப் பிடித்து வைப்பார். ஆனால் வேலையில் சேர்ந்தது அவளுக்கு நாலு மாதம் முன்னால். இரண்டு விண்ணப்பமும் ஒழுங்காக இருந்தால் பதவி அவருக்குத்தான், பேச்சே இல்லை. அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம், அவளுக்கு ஐந்து. கணக்குப் புரிந்துவிட்டது அல்லவா? இந்தத் தடவை இல்லையென்றால் அவளுக்கு எப்போதுமே இல்லை.

செவ்வாய் காலை பதினோரு மணிக்கு இன்டு சார் படி ஏறி வந்து விண்ணப்பத்தைக் கொடுத்தார். "பார்த்து வையுங்க மேடம், உங்களுக்கும் எனக்கும்தான் போட்டியாம்" என்று சிரித்துவிட்டுப் போனார். ரூல் அக்கா முதல் பக்கத்தில் தேதி முத்திரை குத்தினாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நாலாம் பக்கத்தில் 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே, கையெழுத்து வரவேண்டிய இடத்தில், பென்சிலால் அழகாக ஒரு இன்டு மார்க் இருந்தது.

கையெழுத்து இல்லை.

மனிதர் தன் படிவத்துக்கும் தானே இன்டு போட்டுவிட்டு, யாரோ வந்து கையெழுத்துப் போடுவார்கள் என்று மேலே அனுப்பிவிட்டார்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை.

ரூல் அக்கா சிரித்தாள். கை தன்போக்கில் இன்டர்காமுக்குப் போனது. இத்தனை வருடமும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறாள். யார் எதை விட்டிருந்தாலும் கூப்பிட்டு, "ஏன் சார், இதுல கையெழுத்து யாரு போடுவா, பக்கத்து வீட்டுக்காரரா?" என்று நாலு வாங்கு வாங்கிவிட்டுத் திருத்த வைப்பாள். அது வழக்கம். ஆனால் ரூல் என்ன சொல்கிறது? 'முழுமையற்ற விண்ணப்பங்கள் முன்னறிவிப்பின்றி நிராகரிக்கப்படும்.' அந்த வாக்கியத்தை எழுதியதே அவள்தான்.

இன்டர்காமைத் தொட்ட கை திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனதில்லை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பது உட்பட.

"பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. நீ என்ன அதைத் தட்டியா விட்டே?"

"இல்ல அத்தை."

"அந்தாளு கையைப் பிடிச்சு, கையெழுத்துப் போடாதேன்னு சொன்னியா?"

"இல்ல அத்தை."

"அப்புறம் என்ன? நீ ஒண்ணுமே பண்ணல. மேல் வீட்டுக்காரி அவ மருமக ஆபீசர்னு சொல்லிச் சொல்லி என் காது தேஞ்சுபோச்சு. அஞ்சு வருஷமாவது நானும் திருப்பிச் சொல்லிக்கிறேன்."

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவர் கையில் ஒரு தெர்மோஸ்டாட்டை வைத்துத் துடைத்தபடி, "பாவம்மா அந்த மனுஷன்" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். வீட்டில் அப்படி ஒரு ஒற்றுமையைப் பார்த்ததே இல்லாத அவர் பயந்துபோய்ப் பால்கனிக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை வகுப்பு. மாலையில் கல்லூரிக்கு ஒதுக்கியிருந்தது ஒரு ஆரம்பப்பள்ளியின் இரண்டாம் வகுப்பு அறை. ஏழு மாணவர்களும் முழங்காலைத் தாடைவரை மடக்கிக் குட்டி பெஞ்சில் உட்கார வேண்டும். விரிவுரையாளர் ரூல் அக்காவின் மகள் வயதுப் பெண், நிரந்தர ஜலதோஷக்காரி.

"இவனோட பேராசை எந்த இடத்துல ஆரம்பிக்குது?" என்று மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

ரூல் அக்கா பெஞ்சிலிருந்து முழங்காலை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். "பேராசையே இல்ல மேடம். பொழுது சாஞ்சா திறக்கக் கூடாதுன்னு ரூல். அவர் ரூல்படி நடந்திருக்கார். தட்டுனது ராஜான்னா ரூல் மாறிடுமா? ராஜா லேட்டா வந்ததுக்கு இவர் என்ன பண்ணுவார்? இவர் யாரையும் குத்தல, வெட்டல. ஒண்ணுமே பண்ணல!"

கடைசி மூன்று வார்த்தையில் குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது.

"அவர் உங்களுக்குச் சொந்தமா?" என்றாள் விரிவுரையாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த பஸ் கண்டக்டர் மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

"எங்க வேலையிலயும் இது இருக்கு மேடம். ஒரு ஆளு பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வர்றான். நான் டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கேன், பார்க்கல, விசில் அடிச்சிட்டேன். அது ஒண்ணும் தப்பில்ல, அவன் தலையெழுத்து. ஆனா பார்த்துட்டு அடிச்சேன்னு வைங்க, அன்னைக்கு முழுக்கச் சில்லறை சரியா வராது. இவன் மதில் மேல ஏறிப் பார்த்திருக்கான் இல்ல? பார்க்காமலே கீழ உக்கார்ந்திருந்தா இந்த நாடகமே கிடையாது."

"அருமை" என்று விரிவுரையாளர் தும்மினாள். ரூல் அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கண்டக்டரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனாள். பஸ்ஸில் போகாமல் நடந்தே போனாள்.

வியாழக்கிழமை அவள் ஒரு நடுவழி கண்டுபிடித்தாள். தான் சொல்லவும் கூடாது, அவருக்குத் தெரியாமலும் போகக் கூடாது. 'விண்ணப்பித்தவர்கள் விரும்பினால் தங்கள் படிவத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தாளில் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் குத்தினாள். கடமை முடிந்தது. அது இரத்ததான முகாம் நோட்டீசுக்கு அடியில் போய்விட்டதற்கு அவளா பொறுப்பு? குத்தியவள் அவள்தான் என்பது வேறு விஷயம்.

மதியம் கேன்டீனில் சாய்வு நாற்காலி துண்டோடு காத்திருந்தது.

"சார், எதையாவது மறந்துட்டோமேன்னு உங்களுக்குத் தோணுதா?"

இன்டு சார் மென்றுகொண்டே யோசித்தார். "குடை. நேத்து பஸ்ல விட்டுட்டேன்."

"அது இல்ல சார். நாலுன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

"நாலு மணி டீ." அவளை உற்றுப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா மேடம்? இந்தப் படிப்பு உங்களை ரொம்பப் படுத்துது. இத பாருங்க, எனக்குக் கிடைச்சா முதல் வேலையா உங்க மேசையை ஜன்னல் பக்கம் தூக்கிப் போடச் சொல்லிடறேன். அந்த மூலையில காத்தே இல்ல. உங்களுக்குக் கிடைச்சா என்னைக் கவுண்டர்லயே விட்டுடுங்க. எனக்கு ஜனங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

ரூல் அக்காவுக்குப் புரையேறியது. அவர் எழுந்து ஓடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுடையது இருமியது. ஏன் இந்த மனுஷன் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, அற்பமாக நடந்து தொலையக் கூடாது?

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மூன்று மணிக்கு அவள் கோப்பைக் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். நாலே முக்காலுக்கு அவளுடைய மூலையில் காற்று இல்லாமல் போய் ஜன்னலருகே வந்து நின்றாள். கீழே தெரு. ஒரு பெரியவர் படிவத்தின் நகலைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், காதில் பென்சிலும் கையில் அவருடைய படிவமுமாக, இன்டு சார் ஓடி வந்தார். செருப்பு ஒன்று கழன்றது. அதை விட்டுவிட்டு ஓடினார்.

"ஐயா! ஐயா, நில்லுங்க! ஒரு இடத்துல கையெழுத்து விட்டுப்போச்சு! இப்படியே உள்ள போனா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கய்யா!"

நடுத்தெருவில் தாளை வைத்து எழுத இடமில்லாமல் இன்டு சார் தன் முதுகையே குனிந்து காட்ட, பெரியவர் அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

ரூல் அக்கா இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்காமல் இருந்திருந்தால்! அவளுக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் அது பொய். வந்தது கோபம், தலைகால் புரியாத கோபம். கோப்பிலிருந்து நாலு பக்கத்தையும் உருவிக்கொண்டு, மூட்டுவலியை மறந்து, படியில் தடதடவென்று இறங்கினாள்.

அதற்குள் இன்டு சார் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார், கவுண்டரில் எட்டுப் பேர் வரிசை. "அம்மா, லைன்ல வாங்க" என்று ஒருவர் கத்தினார். அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடியின் கீழ் இடுக்கில் நாலாம் பக்கத்தை நுழைத்தாள்.

இன்டு சார் தலை நிமிரவில்லை. தாளைப் பார்த்தார். இன்டு ஏற்கெனவே இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்து வெளியே தள்ளினார். "இன்டு போட்டிருக்கேன் பாருங்கம்மா, அங்க ஒரு கையெழுத்து."

அவள் உள்ளே தள்ளினாள். அவர் வெளியே தள்ளினார். "வேற ஒண்ணும் வேணாம்மா, பேரை மட்டும் எழுதினாப் போதும்."

"யோவ்! அது உன்னோடதுய்யா!"

பத்தொன்பது வருடமாக 'சார்' தவிர வேறு சொல் அவள் வாயிலிருந்து அவருக்கு வந்ததில்லை. இன்டு சார் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பேனாவை எடுத்து இன்டுவின்மேல் கையெழுத்துப் போட்டார். பிறகு, எதையும் முழுசாகப் பார்க்கிற ஆள் ஆனதால், மற்றப் பக்கங்களையும் வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்து முத்திரையில் அவர் விரல் நின்றது.

"செவ்வாய்க்கிழமை" என்றார்.

"ஆமா சார்."

"உங்க கண்ணுல அன்னைக்கே பட்டிருக்குமே."

அவளிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. காய்ச்சல், வேறு கோப்பில் கலந்துவிட்டது, இப்போதுதான் பிரித்தேன். மூன்றும் நல்ல பொய்கள்.

"பட்டுச்சு சார். பார்த்துட்டுத்தான் வச்சிருந்தேன்."

இன்டு சார் பேனாவுக்கு மூடி போட்டார். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"நானா இருந்தா" என்றார் மெதுவாக, "அஞ்சரைக்கு வந்து சொல்லியிருப்பேன் மேடம். ஐயையோ, இப்பத்தானே பார்த்தேன்னு."

அது உண்மையா, அவளைத் தேற்றச் சொன்னதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வரிசையிலிருந்தவர், "குடும்பக் கதையெல்லாம் அப்புறம் பேசுங்க சார்" என்றார். அவள் தாள்களை வாங்கிக்கொண்டு மேலே போய்க் கோப்பில் சேர்த்தாள். பிறகு பெண்கள் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதாள். முகம் கழுவக் குழாயைத் திருகினால் காற்று வந்தது. ஊருக்கே தண்ணீர் இணைப்புக் கொடுக்கிற அலுவலகம் அது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாமியார் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எதுக்குடி சொன்னே?"

"பார்த்துட்டேன் அத்தை."

"கண்ணை மூடிக்கிறதுதானே" என்றாள் மாமியார். எழுந்து போய், மருமகள் இவ்வளவு நாளும் திறந்து வைக்கிற ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். அதோடு நாலு நாள் பேச்சு இல்லை. நாலு நாளும் வீடு அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று கணவர் பின்னால் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டிய நாள். ரூல் அக்கா எழுதி வைத்திருந்ததில் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிட்டு, காலையில் சமையலறை மேடையிலேயே நின்றபடி புதிதாக எழுதினாள்.

"அரியணைக்கு ஆசைப்பட்டதில் மேற்படி நபர்மீது குற்றம் இல்லை. இருபத்திரண்டு ஆண்டு கதவைக் காத்தவர் ஒருநாள் உள்ளே உட்கார ஆசைப்படுவது இயல்பே. ஏறிப் பார்த்து, இன்னார் என்று தெரிந்தபின் இறங்கி வந்து, நான் ஒன்றும் செய்யவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரே, அங்கேதான் பேராசை ஆரம்பிக்கிறது. ஆயினும் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு. மூன்று நாள் கிடைத்திருந்தால் அவரும் இறங்கி ஓடிப்போய்த் திறந்திருக்கக்கூடும். ஆகவே இவரைக் கெட்டவர் என்று பதிவு செய்ய எனக்குத் தகுதி போதாது."

மறுவாரம் புதன்கிழமை காலை உத்தரவு வந்தது. இன்டு சார் கண்காணிப்பாளர் ஆனார். மாலையில் வகுப்பில் கட்டுரை திரும்பி வந்தது. இருபதுக்குப் பதினாலு. ஓரத்தில் சிவப்பு மையில், "மூன்று நாள் என்பது நாடகத்தில் எங்கே வருகிறது? பக்க எண் இல்லை!" என்று எழுதியிருந்தது.

ரூல் அக்கா எழுந்தாள். "அது நாடகத்துல வரல மேடம். எங்க ஆபீஸ்ல வந்துச்சு."

விரிவுரையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பின்னால ஓடி வந்தவரை ஏத்திக்கிட்டீங்களாக்கா?"

"ஏத்திக்கிட்டேன். கடைசி சீட்டு ஒண்ணுதான் இருந்துச்சு, அவர் உக்காந்துட்டார்."

"அடடா" என்றார் கண்டக்டர். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர், தெரிந்ததைச் சொன்னார். "மீதித் தூரம் நின்னுக்கிட்டே போறது கஷ்டந்தான்."

ரூல் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "கஷ்டந்தான் தம்பி" என்று ஒத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள்.